நடந்துகொண்டே கணக்குப் போடுவதா, தாளத்துக்கு அடிவைப்பதா? முதியோருக்கான இரட்டைப் பணிப் பயிற்சிகள்: ஓர் ஒப்பீடு

உடன் நடந்து வருபவர் பேச்சுக் கொடுத்ததும் ஒரு முதியவர் நின்று பதில் சொல்கிறாரா, நடந்தபடியே சொல்கிறாரா என்பதை மட்டும் கவனித்த சிறிய ஆய்வு ஒன்று 1997-ஆம் ஆண்டு ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஸ்வீடனின் உமியோ நகரத்து ஆய்வாளர்கள், முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேரைப் பார்த்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதங்களுக்குள் அவர்களில் 10 பேர் கீழே விழுந்தார்கள். நிற்காமல் பேசிக்கொண்டே நடந்த 46 பேரில் விழுந்தவர்கள் 11 பேர். ஆகவே, நின்று பேசுபவருக்கு விழும் ஆபத்து மிக அதிகம் என்று துணிந்து சொல்லலாம். நிற்காதவர் விழமாட்டார் என்று சொல்ல வழியில்லை. உடலசைவையும் மூளைக்கான வேலையையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பழக்கும் இரட்டைப் பணிப் பயிற்சியில் மருத்துவ உலகம் காட்டிய ஆர்வத்துக்கு இந்தக் கவனிப்பு ஒரு பெரிய தூண்டுகோல்.

நடப்பது தானாக நிகழ்வதாக நாம் எண்ணுகிறோம். இளம் வயதில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. வயது ஏறும்போது பார்வை மங்குகிறது, உட்காதின் சமநிலை உணர்வு குறைகிறது, நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் தரை படுவதே சரியாகத் தெரிவதில்லை. இந்த இழப்புகளை ஈடுகட்ட, மூளையின் முன்பகுதி ஒவ்வோர் அடியையும் மேற்பார்வை பார்க்க வேண்டியதாகிறது. அந்த நேரத்தில் பேரன் ஏதாவது கேட்டாலோ, சட்டைப் பையில் சில்லறை தேட வேண்டியிருந்தாலோ இருக்கிற கவனத்தை இரண்டாகப் பங்கிட்டாக வேண்டும். சிலர் நின்றுவிடுகிறார்கள், சிலர் நடையின் வேகத்தைக் குறைக்கிறார்கள், வேறு சிலர் நடை குலைவதைப் பொருட்படுத்தாமல் பேச்சைத் தொடர்கிறார்கள். நிற்பவர்களைப் போலவே, நடை குலைய விடும் மூன்றாவது வகையினருக்கும் ஆபத்து உண்டு; பார்க்கின்சன் நோய் உள்ளவர்களிடம் இந்தப் போக்கைக் கூடுதலாகக் காணலாம்.

எழுபதை ஒட்டிய வயதில் வீட்டில் அம்மாவோ அப்பாவோ இருக்கும் ஒருவர், அல்லது அந்த வயதை எட்டிவிட்ட ஒருவரே, இன்று தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகள் பல உள்ளன. நடந்துகொண்டே மனக்கணக்குப் போடலாம். தாளத்துக்கும் பாட்டுக்கும் ஏற்ப அடிவைக்கலாம். எடையைக் காலுக்குக் கால் மாற்றியபடி மெதுவாக நகரும் சீனப் பயிற்சியான தை சி கற்கலாம். தரையில் கட்டம் போட்டு அடி வரிசைகளை நினைவில் வைத்து மிதிக்கலாம். திரையைப் பார்த்து விளையாடும் கருவிகளை நாடலாம். இவை எதுவும் வேண்டாமென்று காலையில் நடை, மாலையில் குறுக்கெழுத்து எனப் பிரித்துக்கொள்ளவும் செய்யலாம். என் கருத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். விழாமல் இருப்பதுதான் முதல் நோக்கம் என்றால், தாளத்தோடு கூடிய குழுப் பயிற்சிக்கும் தை சிக்கும் முன்னுரிமை தருவேன். பலரும் முதலில் கைவைக்கும் மனக்கணக்கு நடை, பயிற்சியாக இருப்பதைவிட அளவுகோலாக இருக்கும்போதே அதிகம் பயன்படுகிறது.

முதலில் அளந்து பார்த்தல்

எந்தப் பயிற்சி என்று முடிவெடுப்பதற்கு முன், இந்த மனிதருக்குக் கவனம் பிரியும்போது எது கெடுகிறது, நடையா, கணக்கா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் இதற்காகச் செய்யும் ஒரு சோதனையை வீட்டுக் கூடத்திலேயே செய்து பார்க்கலாம். கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஓர் அடையாளம் இட வேண்டும். எழுந்து, அடையாளம் வரை நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, ஏதாவது ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லியபடியே அதைச் செய்யச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். டம்ளர் இல்லாமல் ஆகும் நேரத்தைவிட டம்ளருடன் 4.5 விநாடியோ அதற்கு மேலோ கூடுதலாக ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று, மேலே சொன்ன அதே ஸ்வீடன் குழு அடுத்த ஆண்டில் எழுதியது. சோதனை முழுவதும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பலர் கடிகாரத்தைப் பார்ப்பதில் மும்முரமாகி அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கழித்தல் கணக்கு வராதவரிடம் அதைக் கேட்பதில் பொருளில்லை. பள்ளிக்குச் சென்றிராத ஒரு பாட்டிக்குத் தமிழ் மாதங்களைப் பங்குனி, மாசி, தை, மார்கழி என்று பின்னோக்கிச் சொல்வது பொருத்தமான வேலை. சந்தையில் கிடைக்கும் காய்கறிகளைப் பெயர் பெயராகச் சொல்வது இன்னும் எளிது. எந்த வேலையைக் கொடுத்தாலும் முதலில் உட்கார்ந்த நிலையில் செய்யச் சொல்லி, அவருடைய இயல்பான வேகத்தையும் தவறுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நடக்கும்போது வந்த தவறு நடையால் வந்ததா, கணக்கே தெரியாததால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

இரண்டு அளவுகளுக்கும் இடையிலான இழப்பை விழுக்காடாக எழுதுவது வழக்கம். 10 மீட்டர் தூரத்தைச் சும்மா நடக்க 10 விநாடி எடுப்பவர், கணக்குச் சொல்லியபடி நடக்கும்போது 12.5 விநாடி எடுத்தால், அவருடைய வேகம் விநாடிக்கு 1 மீட்டரிலிருந்து 0.8 மீட்டராகிறது; இழப்பு 20 விழுக்காடு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில் மான்டெரோ-ஒடாசோவும் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே லேசான அறிவாற்றல் குறைபாடு இருந்த 112 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, பின்னோக்கி எண்ணிக்கொண்டு நடக்கையில் இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்கு மறதி நோய் வரும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தது. ஆரோக்கியமான ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் ஒருநாள் இந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டியதில்லை, ஏனெனில் அந்த 112 பேரும் குறைபாடு கண்டறியப்பட்டவர்கள். அதோடு, வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கணக்கைக் கோட்டைவிடுபவருக்கும் இழப்பு உண்டு. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாது.

சேர்த்தா, தனித்தனியா

இரட்டைப் பணி என்றதும் இரண்டையும் சேர்த்துப் பழகினால்தான் சேர்த்துச் செய்ய வரும் என்று தோன்றுவது இயற்கை. இந்த நம்பிக்கையை நேருக்கு நேர் சோதித்த ஆய்வுகளில், பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பார்க்கின்சன் நோயாளிகள் 121 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு பகுதியினர் நடையையும் மூளை வேலையையும் ஒரே நேரத்தில் செய்தார்கள். மற்றவர்கள் நடையைத் தனியாகவும் மூளை வேலையைத் தனியாகவும், ஒன்று முடிந்தபின் மற்றொன்றாகச் செய்தார்கள். ஆறு வார முடிவில் இரு தரப்பினருக்கும் இரட்டைப் பணியின்போது நடைவேகம் கூடியிருந்தது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்னிரண்டு வாரங்கள் கழித்தும் பயன் நீடித்தது. சேர்த்துச் செய்ததால் விழுதல் பெருகவும் இல்லை. பயந்த சுபாவமுள்ளவருக்கும், விழுந்து எலும்பு முறிந்து எழுந்தவருக்கும் இது ஆறுதலான செய்தி, ஏனெனில் தனித்தனியாகத் தொடங்குவதால் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை.

கால்களின் நடையை விட்டு நினைவாற்றலையும் சிந்தனையையும் பார்த்தால் தராசு சற்றுச் சாய்கிறது. உடற்பயிற்சியையும் மூளைப் பயிற்சியையும் இணைத்த பல சோதனைகளைத் திரட்டி 2021-இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, ஒரே நேரத்தில் செய்யும் முறைக்கே முதலிடம் தந்தது. அடுத்தடுத்துச் செய்வது அதற்குப் பின்னும், திரை விளையாட்டு அதற்கும் பின்னும் வந்தன. ஆனாலும் அடுத்தடுத்துச் செய்யும் முறையை ஒதுக்கிவிட முடியாது. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள 175 பேரை வைத்துக் கனடாவில் நடத்திய சோதனையில், 20 வாரம் மூச்சுவாங்கும் பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்ததோடு கணினியில் மூளைப் பயிற்சியையும் செய்தவர்களின் அறிவாற்றல் மதிப்பெண் கூடியது. அதே சோதனையில் வைட்டமின் டி மாத்திரை எதையும் கூட்டவில்லை என்பதையும் இங்கே போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம், ஏனெனில் நம் வீடுகளில் பயிற்சியைவிட மாத்திரைக்கு மதிப்பு அதிகம்.

மனக்கணக்கு நடை

செலவில்லை, கருவியில்லை, ஆசிரியர் வேண்டாம். மொட்டை மாடி போதும். இந்த வழியின் கவர்ச்சி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சில்சுபடோல் என்ற தாய்லாந்து ஆய்வாளரும் குழுவினரும், சமநிலை குன்றிய முதியவர்கள் 23 பேரை மூன்றாகப் பிரித்து, வாரம் மூன்று முறை, 45 நிமிடம் வீதம், நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் பிரிவினர் நடையையும் சமநிலையையும் மட்டும் பழகினார்கள். இரண்டாம் பிரிவினர் நடைக்கும் கணக்குக்கும் எப்போதும் சமமாகக் கவனம் செலுத்தினார்கள். மூன்றாம் பிரிவினரிடம், இந்தச் சுற்றில் நடையில் கவனம் வையுங்கள், அடுத்த சுற்றில் கணக்கில் வையுங்கள் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இரட்டைப் பணியில் நடைவேகம் கூடியது பின்னிரண்டு பிரிவினருக்கு. பயிற்சி முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்தும் அதைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் மூன்றாம் பிரிவினர். 23 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இருந்தாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் தெளிவானது: கவனத்தை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன் சொல்லிவிட்டு நடக்க வேண்டும், வெறுமனே கணக்குச் சொல்லிக்கொண்டே நடப்பது பாதிப் பயிற்சிதான்.

இந்த வழியின் பலவீனம் இரண்டு. பழகிய கணக்கு சீக்கிரமே பாடமாகிவிடும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதைப் பத்து நாள் செய்தவர் 93, 86, 79, 72 என்பதைப் பாட்டுப்போல ஒப்பிக்கிறார், மூளைக்கு அதில் வேலையே இல்லை. தொடக்க எண்ணை நாள்தோறும் மாற்றினால் இதைச் சமாளிக்கலாம். மற்றொன்று, ஒரு வேலையில் பெற்ற தேர்ச்சி இன்னொன்றுக்கு எளிதில் கடந்து செல்வதில்லை. கழித்தல் கணக்கோடு நடக்கப் பழகியவர், கையில் பையோடும் காதில் வண்டிச் சத்தத்தோடும் சந்தைக்குள் நடக்கத் தேறிவிட்டார் என்று கொள்ள முடியாது. ஆகவே மூளைக்கான வேலை அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமாக இருக்கட்டும்: வாங்க வேண்டிய ஐந்து பொருள்களை நினைவில் வைத்துச் சொல்வது, 200 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கணக்கிடுவது, குடையை மடக்கிக்கொண்டே பேசுவது என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

தமிழ்நாட்டுப் பூங்காக்களில் பரவலாகிவிட்ட எட்டு வடிவ நடையைப் பற்றியும் இங்கே கேட்பார்கள். தொடர்ந்து வளைந்து திரும்ப வேண்டியிருப்பதால் நேர்க்கோட்டு நடையைவிட அது கடினமானது, சமநிலைக்கு நல்லதும்கூட. அதை நடந்தால் தீரும் என்று பலகையில் எழுதிவைத்திருக்கும் நோய்ப் பட்டியலை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரே எட்டில் ஒரே திசையில் நாற்பது நிமிடம் சுற்றுபவருக்கு அது சில நாளில் பழகிப்போய்விடும். யாராவது கைதட்டும்போதெல்லாம் திசை மாற்ற வேண்டும் என்று விதி வைத்தால் அந்தக் கணமே அது இரட்டைப் பணியாகிறது.

தாளமும் அடியும்

எமில் ஜாக்-டால்குரோஸ் (1865–1950) ஜெனீவாவில் இசை கற்பித்தவர். மாணவர்கள் தாளத்தைக் காதால் மட்டும் கேட்காமல் உடலால் உணர வேண்டும் என்று அவர் வகுத்த முறை, ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு அதே நகரத்து முதியவர்களுக்குப் பயன்பட்டது. பியானோ வாசிப்பவர் வேகத்தை மாற்றுவார். கேட்பவர் நடையை மாற்ற வேண்டும். இசை நின்றால் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கையிலுள்ள பொருளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். 65 வயதைக் கடந்த 134 பேரை வைத்து ட்ரொம்பெட்டியும் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட சோதனையில், வாரம் ஒரே ஒரு மணிநேரம் என ஆறு மாதம் இந்த வகுப்புக்குச் சென்றவர்களிடையே 24 விழுதல்கள் பதிவாயின. வகுப்புக்காகக் காத்திருந்தவர்களிடையே 54. வாரம் ஒரு மணிநேரத்துக்கு இது மிகப் பெரிய பலன். நடைவேகத்தை அளந்த ஆய்வுகள் ஏராளம் இருக்க, விழுதலையே எண்ணிக் காட்டியவை குறைவு என்பதால் இந்தச் சோதனைக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

நடனம் பற்றிய சான்றுகளைச் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து வெர்கீஸும் குழுவினரும் 2003-இல் எழுதிய கட்டுரையில், உடலசைவுள்ள பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோயின் குறைந்த அபாயத்தோடு சேர்ந்து காணப்பட்டது. இது இன்றைக்கும் செய்தித்தாள்களில் நடனம் மறதியைத் தடுக்கும் என்று வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர்களை யாரும் நடனமாடச் சொல்லிப் பயிற்சி அளிக்கவில்லை. யார் ஏற்கெனவே ஆடினார்கள் என்று கேட்டார்கள். நினைவு தடுமாறத் தொடங்கியவர் தாமாகவே நடனத்தை விட்டிருக்கலாம் அல்லவா? ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரத்து ஆய்வு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. புதிய அடிவரிசைகளைத் தொடர்ந்து கற்ற நடனக் குழுவையும், அதே அளவு உடற்பயிற்சி செய்த குழுவையும் 18 மாதம் ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட முடிவில், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதி இரு குழுவினருக்கும் வளர்ந்திருந்தது. சமநிலையில் முன்னேற்றம் கண்டவர்கள் நடனக் குழுவினர் மட்டுமே. குழு சிறியது, ஆனாலும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஆடாமல் புதிது புதிதாகக் கற்றதுதான் அங்கே வேலை செய்தது என்று கருதத் தோன்றுகிறது.

ஜெனீவாவின் பியானோ இங்கே கிடைக்காது என்பதில் பெரிய குறையில்லை. கும்மியில் பாட்டும் கைதட்டலும் அடியும் ஒன்றாக நடக்கின்றன. கோலாட்டத்தில் பக்கத்து ஆளின் கோல் எங்கே வருகிறது என்பதையும் கணிக்க வேண்டும். பின்னல் கோலாட்டத்தில் கயிறு பின்னும் வரிசையையும் அவிழ்க்கும் வரிசையையும் மனத்தில் வைத்தே சுற்ற வேண்டும். எழுபது வயதுக்காரருக்குக் குனிந்து குதிக்கும் அடிகளை நீக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்து, இதையே பயிற்சியாக்கலாம். இந்த ஆட்டங்கள் முதியோரின் விழுதலைக் குறைக்கும் என்று நான் எண்களோடு சொல்ல வரவில்லை. ஜெனீவா வகுப்பில் பயன் தந்த கூறுகள் இவற்றிலும் இருக்கின்றன என்பதே என் வாதம்.

கொஞ்சம் சங்கீதப் பழக்கம் உள்ளவர்கள் தனியாகச் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு, எட்டு எண்ணிக்கைக்கு எட்டு அடி நடந்தால், ஒவ்வொரு சுற்றும் அதே காலில் தொடங்கும். சில நிமிடத்தில் அது தானாக ஓடும். மிச்ர சாபுவுக்கு மாறி ஏழு எண்ணிக்கைக்கு ஏழு அடி வைத்தால், ஏழு ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்று வலக்காலில் தொடங்க, அடுத்த சுற்று இடக்காலில் தொடங்கும். தகிட தகதிமி என்று வாயில் சொல்லியபடி, ‘தகிட’வின் முதல் அடி இந்த முறை எந்தக் காலில் என்று கவனித்து நடப்பவருக்கு மூளைக்கும் காலுக்கும் ஓய்வே கிடைக்காது. சுவரை ஒட்டி, வழுக்காத தரையில், மிகுந்த நிதானமான காலப்பிரமாணத்தில் இதைத் தொடங்க வேண்டும்.

தை சி

விழுதலைத் தடுப்பதில் வலுவான சான்றுள்ள பயிற்சி என்று பார்த்தால் இதுதான். ஓரிகனில் விழும் ஆபத்துள்ள 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரை வைத்து லீ ஃபுஜோங் குழுவினர் 2018-இல் வெளியிட்ட சோதனையில், 24 வாரம் தை சி பழகியவர்களின் விழுதல் எண்ணிக்கை, தசைநீட்டல் மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடும், பலவகை உடற்பயிற்சி செய்தவர்களைவிட 31 விழுக்காடும் குறைவாக இருந்தது. அதே குழு 2023-இல், நினைவு குறித்த கவலையோ லேசான குறைபாடோ உள்ள 318 பேரை எடுத்துக்கொண்டு, வழக்கமான தை சியோடு மூளைக்கான வேலைகளையும் பின்னிச் சேர்த்த ஒரு வடிவத்தைச் சோதித்தது. 24 வார முடிவில், அறிவாற்றல் மதிப்பெண்ணிலும் இரட்டைப் பணி நடையிலும் அந்தக் கலப்பு வடிவமே வழக்கமான தை சியையும் தசைநீட்டலையும் முந்தியது. வகுப்புகள் காணொளி வழியாக, அவரவர் வீட்டிலிருந்தே நடந்தன என்பது நமக்கு முக்கியமான செய்தி, ஏனெனில் நம் ஊர்களில் தை சி ஆசிரியர் கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாக யோகா போதாதா என்று கேட்பவர்களுக்கு: நின்று செய்யும் ஆசனங்கள் சமநிலைக்கு உதவும், ஆனால் எடையை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாற்றிக்கொண்டே நகரும் தொடர் அசைவு வழக்கமான ஆசன வகுப்பில் குறைவு.

கட்டங்களும் எண்ணிக்கையும்

ஜப்பானியர்கள் இரண்டு எளிய வடிவங்களைப் பரப்பியிருக்கிறார்கள். ஓபு நகரிலுள்ள தேசிய முதியோர் மருத்துவ மையம் வகுத்த ‘காக்னிசைஸ்’ முறையில், பக்கவாட்டில் அடிவைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். மூன்றின் மடங்கு வரும்போது எண்ணைச் சொல்லாமல் கைதட்ட வேண்டும். தவறு வரத்தான் வேண்டும் என்பது இதன் எதிர்பார்ப்பு. யாரும் தவறவே இல்லையென்றால் விதியைக் கடினமாக்குகிறார்கள். எல்லாரும் தவறினால் எளிதாக்குகிறார்கள். குழுவாகச் செய்யும்போது தவறுகள் சிரிப்பாக மாறுவது இதன் பலம்.

மற்றொன்று கட்டமிதிப் பயிற்சி. 100 செ.மீ. அகலமும் 250 செ.மீ. நீளமும் உள்ள விரிப்பை 25 செ.மீ. சதுரங்களாகப் பிரித்திருப்பார்கள், அகலத்தில் நான்கு, நீளத்தில் பத்து. பயிற்றுநர் ஓர் அடிவரிசையைச் செய்து காட்டுவார். அதை நினைவில் வைத்துக் கோட்டை மிதிக்காமல் மறுமுனை வரை செல்ல வேண்டும். முன்னோக்கி மட்டும் செல்லும் எளிய வரிசைகளில் தொடங்கி, குறுக்காகவும் பின்னோக்கியும் செல்லும் வரிசைகள் வரை படிப்படியாக ஏறும். நொண்டியடிக்காத பாண்டியாட்டம் என்று சொன்னால் வீட்டில் உடனே புரிந்துவிடும். விரிப்பை வாங்கத் தேவையில்லை. மாடித் தரையில் சாக்பீஸால் வரைந்தால் போதும், பாய் அல்லது துணி விரித்து அதன்மேல் செய்வது மட்டும் கூடாது, வழுக்கிவிடும். தனியாக இருப்பவருக்கும், பாட்டு, ஆட்டம் என்றால் கூச்சப்படும் ஆண்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

திரையும் டிரெட்மில்லும்

பெல்ஜியம், இஸ்ரேல், இத்தாலி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில், அண்மையில் இருமுறையாவது விழுந்திருந்த 302 பேரைக் கொண்டு நடத்திய பெரிய சோதனை 2016-இல் லான்செட்டில் வந்தது. ஒரு பகுதியினர் டிரெட்மில்லில் நடந்தார்கள். மற்றவர்கள் எதிரே உள்ள திரையில் தங்கள் பாதங்களின் உருவத்தைப் பார்த்தபடி, அதில் வரும் தடைகளையும் குட்டைகளையும் தாண்டி நடந்தார்கள். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். அடுத்த ஆறு மாதத்தில் திரையோடு நடந்தவர்களிடையே விழுதல் ஏறக்குறைய பாதியானது. டிரெட்மில் மட்டும் பயன்படுத்தியவர்களிடம் அத்தகைய தெளிவான குறைவு இல்லை. பலன் உண்மையானது. ஆனால் அங்கே நடந்தவர்கள் விழாதபடி பட்டையால் தாங்கப்பட்டு, பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் இருந்தார்கள். வீட்டு டிரெட்மில்லில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு வினாடி வினாவுக்குப் பதில் சொல்வது இதற்கு ஈடாகாது, ஆபத்தும்கூட. இத்தகைய கருவியுள்ள மறுவாழ்வு மையம் அருகில் இருந்து, அடிக்கடி விழும் ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டுமே இந்தச் செலவு நியாயமாகும்.

யாருக்கு எது

நடையில் பெரிய குறையில்லாத, அறுபத்தைந்து முதல் எழுபத்தைந்து வயதுக்காரர் குழுவில் சேரத் தயாராக இருந்தால், தாளப் பயிற்சியோ நடனமோ அவருக்கு ஏற்றது. விட்டுவிடாமல் தொடர்வதற்கு இவற்றில்தான் வாய்ப்பு அதிகம். கடந்த ஓராண்டில் ஒருமுறையேனும் விழுந்தவருக்கு முதலில் மருந்துகளையும் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவர் பார்த்த பிறகு தை சி, அல்லது கூடவே ஒருவர் நிற்கும் கட்டமிதிப்பு. நினைவு பற்றிய கவலையே முதன்மையாக இருப்பவருக்கு மூளை வேலை பின்னிய தை சியையோ காக்னிசைஸையோ சொல்வேன். பார்க்கின்சன் நோயிலும், பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் நிலையிலும் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், தேவைப்பட்டால் தனித்தனியாகவே தொடங்கலாம். எழுந்து நிற்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்தபடி, கையில் ஒரு தாளமும் காலில் வேறொரு எண்ணிக்கையுமாகப் பழகலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது முழு உடற்பயிற்சிக்கு மாற்றாகாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தொடைத் தசை வலுவிழந்த ஒருவரை எந்தத் தாளமும் தாங்காது. தேர்ந்தெடுத்த பயிற்சியை மூன்று மாதம் செய்தபின், அதே கூடத்தில், அதே நாற்காலியில், அதே செருப்போடோ வெறுங்காலோடோ, முதல்நாள் எடுத்த அளவைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆனால் பயிற்சியில் பயன்படுத்தாத ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். சும்மா நடக்கும் வேகம் கூடி இழப்பு விழுக்காடு அப்படியே இருந்தால், உடற்பயிற்சி பலித்திருக்கிறது, இரட்டைப் பணி பலிக்கவில்லை என்று பொருள். மூளைக்கான வேலையைக் கடினமாக்கலாம், அல்லது வேறு வழிக்கு மாறலாம். இழப்பு குறைந்து, கூடவே கணக்கில் தவறும் கூடியிருந்தால் அவர் நடையைக் காப்பாற்றக் கணக்கை விட்டுக்கொடுத்திருக்கிறார். விழுதலைத் தவிர்ப்பதே நோக்கமாக இருக்கும்வரை அந்தப் பேரத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.